வைச்சிட்டுப் போங்கோ

அவருடைய பேரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது தேடிப்போய் இன்னொரு வேலையை அவர் தலையில் கட்டிவிடுவார்கள். இவ்வளவு காலம் கழித்து நான் அவருக்குச் செய்யக்கூடிய உதவி அதுவொன்றுதான்.

மருதனார்மடச் சந்தியில், ஒரு விவசாய மருந்துக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. ஏழு பேர். வெளிநாட்டுக் கம்பனிகளுக்குச் சொவ்ற்வெயார் செய்துகொடுப்பது தொழில். கீழேயிருந்து பூச்சிமருந்து மணம் படியேறி வரும். விடிந்தால் சந்தைக்கு வருகிற லொறிகளின் இரைச்சல். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக் களைத்து, அதை விட்டுவிட்டு வந்தவள் நான். மற்றவர்கள் செய்கிறதை ஆங்கிலத்தில் விவரித்து எழுதுவது என் வேலை. வெளிநாட்டுக்காரரோடு கதைப்பதும் நான்தான். அதனால் யாருக்கு எது தேவையென்றாலும் என் கையால்தான் அது அவருடைய மேசைக்குப் போகும். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பிறகு ஒன்றும் தெரியாதவள்போல நடிக்க மாட்டேன்.

அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயதிருக்கும். என்னைவிட நாலு வயது இளையவர். அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் "அண்ணை", எனக்குத் "தம்பி". ஒல்லியான ஆள். சேர்ட் கையை ஒரேயொரு மடிப்பு மடித்திருப்பார். கணினியின் ஆக அடிமட்டத்தில் வேலை செய்யத் தெரிந்தவர் எங்களில் அவர் ஒருவர்தான். ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதுவல்ல. நீங்கள் எந்த வேலையோடு போய் நின்றாலும், திரையிலிருந்து முகத்தைத் திருப்பி, ஏதோ நீங்கள் வருவதற்காகவே காலையிலிருந்து காத்திருந்தவர்போலச் சிரித்து, "வைச்சிட்டுப் போங்கோ" என்பார். அவ்வளவுதான். எப்போது, எப்படி, முன்னால் எத்தனை கிடக்கிறது என்ற கதையே இல்லை.

வேலைக்கு மட்டுமல்ல. மருந்துக்கடை முதலாளியின் கமரா பழுதானால் அவர். கோயில் ஒலிபெருக்கி கரகரத்தால் அவர். பாஸ்போட் விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்ப அவர். தூரத்துச் சொந்தக்காரரின் மகளுக்குப் பரீட்சை முடிவு பார்க்கவும் அவர். மருந்துக்கடைக்காரர் "உவன் எங்கடை பெடியன்" என்பார். கோயில்காரர் "எங்கடை ஆள்" என்பார்கள். ஒவ்வொருவரும் அவர் தங்களுக்கு மட்டுமே உரியவர் என்று நம்பினார்கள். நானும் நம்பினேன். ஒருவருக்கும் மற்றவர்கள் இருப்பது தெரியாது. அவரும் சொல்ல மாட்டார்.

அவருடைய தேத்தண்ணிக் கோப்பைகளைப் பார்த்தால் மட்டும் விசயம் விளங்கும். தேத்தண்ணி வந்தால் "ஒரு நிமிசம்" என்று பீரிசால் மூடிவைப்பார். அடுத்தது வரும்போது அதையும் மூடிவைப்பார். பின்னேரம் அவருடைய மேசையில் மூடிய கோப்பைகள் மூன்று வரிசையாக நிற்கும், மூன்றும் ஆறிப்போய். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலை நாலு மணிக்குப் பிரிப்பார், அதுவும் நின்றபடி. நாங்கள் அதை வைத்துப் பகிடி பண்ணினோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. தண்ணீர் இறைக்கும் நிலையங்களில் பொருத்துவதற்கு வெளிநாட்டுக் கம்பனி ஒன்று சின்னப் பெட்டி ஒன்றைச் செய்தது. பெட்டிக்குள் ஒரு கணினி, அதில் ஒரேயொரு நெற்வேர்க் கார்ட். வெளியுலகத்துக்குச் செய்தி போவதற்கு அந்தக் கார்டைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் உள்ளே நாலு ட்றைவர்கள் அதைக் கேட்டன. ட்றைவர் என்பது கேர்னல் என்கிற அடிமட்டத்தில் இருந்துகொண்டு இயந்திர உறுப்போடு நேரே பேசுகிற நிரல். ஒன்று சாதாரண இணையத்துக்கு, ஒன்று கமராவுக்கு, ஒன்று நீர்மட்டக் கணக்குக்கு, ஒன்று "மோட்டரை உடனே நிறுத்து" என்கிற அவசரச் செய்திக்கு. நாலையும் நாலு பேர், கார்ட் முழுவதும் தன்னுடையதே என்ற நினைப்பில் எழுதியிருந்தார்கள். அந்த நாலுக்கும் கார்டுக்கும் நடுவில் ஓர் அடுக்கு எழுதி, ஒரே கார்டை நாலு கார்ட்போலக் காட்ட வேண்டும். எழுதுவது அவர். அது என்ன செய்கிறது என்று விவரிப்பது நான்.

"எங்கடை பங்குக் கிணறு மாதிரியோ தம்பி?" என்று கேட்டேன். அளவெட்டியில் எங்கள் தோட்டக் கிணற்றில் எங்களுக்கு நாலிலொரு பங்கு. செவ்வாயும் சனியும் எங்கள் இறைப்பு முறை.

"இல்லை அக்கா. கிணத்துப் பங்குக்காரருக்கு மற்றப் பங்குக்காரரைத் தெரியும். முறை பிந்தினா வேலியடியிலை நிண்டு கத்துவினம். இங்கை மற்றவை இருக்கிறதே ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. ஒவ்வொருத்தரும் கிணறு முழுக்கத் தன்ரை எண்டு நினைச்சுக்கொண்டு இறைக்கவேணும். அப்பிடி நினைக்க வைக்கிறதுதான் நடுவிலை இருக்கிறதின்ரை வேலை."

"நாலு பேரும் ஒரே நேரத்திலை இறைச்சா? கார்டுக்கு ஏலாமல் போனா நடுவிலை இருக்கிறது என்ன சொல்லும்?"

"ஒண்டும் சொல்லாது. வாங்கி வைச்சிருக்கும். கார்ட் சும்மா இருக்கேக்கை ஒண்டொண்டா அனுப்பும்."

"வைக்க இடமில்லாட்டி?"

"மெமரி கிடக்குத்தானே அக்கா" என்று சிரித்தார்.

படிப்பித்த காலமாக இருந்தால் இன்னொரு கேள்வி கேட்டிருப்பேன். அன்றைக்குக் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கண்டால் ஆருக்கும் மேலே கேட்க மனம் வராது. போய் இருந்து, "இந்த அடுக்கு எந்த ட்றைவரையும் ஒருபோதும் திருப்பி அனுப்புவதில்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு வசனம் எழுதினேன். வெளிநாட்டுக்காரர் அந்த வசனத்தைக் குறிப்பிட்டே பாராட்டிப் பதில் போட்டார்கள். நான் அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

பிறகு ஒருநாள் அவர் காய்ச்சல் என்று வரவில்லை. பரிசோதனை அறிக்கை ஒன்றுக்கு அவருடைய பதில் அவசரமாகத் தேவைப்பட்டது. அச்சடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போனேன். வெட்கமில்லாத செயல்தான், ஆனால் போனேன். சுன்னாகத்துப் பக்கம் ஒரு பழைய கல்வீடு. வாடகைக்கு இருந்தார்கள். பாயில் போர்த்துக்கொண்டு கிடந்தவர் தலையைத் தூக்கி, கண் சிவந்திருக்க, "வைச்சிட்டுப் போங்கோ அக்கா" என்றார்.

அவருடைய தாய் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். எழுபது வயது தாண்டிய மனுசி. வடக்குக் கரையில், கீரிமலைக்குக் கிட்ட, கடற்தொழில் செய்த குடும்பம். சண்டைக்குள் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, பிறகு வாடகை வீடுகள். புருசன் இடையிலேயே போய்விட்டார். மகள் கலியாணம் முடித்து வவுனியாவில். கொஞ்சக் காலத்துக்கு முன்தான் இராணுவம் பிடித்து வைத்திருந்த அவர்களுடைய காணியைத் திருப்பி விட்டிருந்தது. அத்திவாரம் போட்டாயிற்று என்றார். நான் சந்தோசப்பட்டேன்.

"அதோடை நிக்குது பிள்ளை" என்றார்.

வாசல் நிலை வைத்தால்தான் சுவர் எழும்பும். நிலை வைக்க நாள் பார்க்க வேண்டும், ஐயர் வரவேண்டும், மூத்த ஆண்பிள்ளை நின்று நிலையைப் பிடிக்க வேண்டும். நிலை எப்போதோ செய்து வந்துவிட்டது, வேப்ப மரத்தில். மூன்று முறை நாள் பார்த்தார்கள்.

"முதல் நாள் கோயில்காரர் சவுண்ட் பெட்டி கதைக்குதில்லை எண்டு கூப்பிட்டினம். ரண்டாம் நாள் உங்கடை ஒவ்வீஸ். மூண்டாம் நாளும் உங்கடை ஒவ்வீஸ்தான்." அவர் அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "வீட்டுக்காரர் கனடாவிலையிருந்து வருகினம். சித்திரைக்குள்ளை வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டினம்."

உள்ளறை மேசையில் அவருடைய புருசனின் படம் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. பொட்டு வைத்து, பூ வைத்து, மேசையில். நான் பார்ப்பதை அவர் கண்டுவிட்டார்.

"நாலு வீடு மாறிட்டன் பிள்ளை. நாலிலையும் ஒரு ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேக்கவேணும். எனக்குக் கேக்க விருப்பமில்லை. என்ரை சுவரிலை, ஒருத்தரையும் கேளாமல், ஒரு ஆணி அடிச்சு அவரைக் கொழுவிப்போட்டுக் கண்ணை மூடினாக் காணும், வேறையொண்டும் வேண்டாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் சிரித்தபடி, "அவனுக்கு ஏலாது எண்டு சொல்லத் தெரியாது. நீங்கள் ரீச்சரா இருந்தனீங்கள் எண்டு சொன்னவன். உதையும் ஒருக்காப் படிப்பிச்சு விடுங்கோவன்" என்றார்.

"ஓம் அம்மா" என்றேன். சொல்வதற்கு எனக்கென்ன, வாய்தானே. அறிக்கையைப் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த மாதம் அந்த அடுக்கு விழுந்தது. எங்களிடம் இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம்தான் ஓட்டிப் பார்த்தோம். வெளிநாட்டுக்காரர் நாட்கணக்கில் ஓடவிட்டார்கள். கமரா அள்ளி அள்ளிப் படங்களைக் கொடுத்தது. நடுவில் இருந்தது எல்லாவற்றையும் வாங்கி வைத்தது. மெமரி நிரம்பிப் பெட்டி மூச்சுவிடாமல் நின்றுவிட்டது. நிற்பதற்கு முதலே, மோட்டரை நிறுத்தச் சொல்லி வந்த அவசரச் செய்தி பழைய கமராப் படங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறது. பரிசோதனைதான் என்றபடியால் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களுடைய கடிதம் சுருக்கமாக இருந்தது. "ஒருபோதும் திருப்பி அனுப்புவதில்லை என்பதன் பொருள் இதுவா?" என்று என் வசனத்தையே எடுத்துப் போட்டுக் கேட்டிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் திருத்தித் தராவிட்டால் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லையென்றால் மேல்மாடியும் இல்லை.

திருத்த வேண்டியது என்னவென்று அவருக்கு அன்றைக்கே தெரியும். ஒவ்வொரு ட்றைவருக்கும் இவ்வளவுதான் என்று ஓர் எல்லை. எல்லை தொட்டதும் அந்த ட்றைவருக்கு "நிறுத்து" என்று சொல்ல வேண்டும். இடம் வந்ததும் "இனித் தா" என்று சொல்ல வேண்டும். ஒருநாள் வேலை. அவர் மூன்று நாள் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"என்ன தம்பி யோசினை?"

"திருப்பி அனுப்பினா அவன் என்ன நினைப்பான் அக்கா?"

"தம்பி, அது ட்றைவர். அதுக்கு நினைப்பில்லை."

"ஓம் என்ன" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு இல்லாமல், திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "முகாமிலை இருக்கேக்கை வாளியோடை கியூவிலை நிப்பன். எங்கடை முறை வரேக்கை முடிஞ்சுது எண்டுவினம். எனக்குப் பரவாயில்லை. எனக்குப் பின்னாலை நிண்ட சனம் வெறும் வாளியோடை திரும்பும். அந்த முகங்களை எனக்குப் பாக்கேலாது."

அவர் தன்னைப் பற்றி என்னிடம் சொன்னது அவ்வளவுதான். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அனேகமாகத் திகதியை ஞாபகப்படுத்தியிருப்பேன்.

நாலாம் நாள் எழுதி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். விவரிப்பில் ஒரு பந்தி சேர்க்கச் சொன்னார். இப்படியொரு உறுதியான குரலில் அவர் கதைத்து நான் கேட்டதில்லை.

"நிப்பாட்டு எண்டு நடுவிலை இருக்கிறது சொன்னா மட்டும் காணாது அக்கா. கேக்கிறவன் நிப்பாட்டவேணும். அவன் கேளாமல் தந்துகொண்டே இருந்தா, அதுக்குப் பிறகு விழுகிறது நடுவிலை இருக்கிறதின்ரை பிழையில்லை. அப்பிடி எழுதுங்கோ. தெளிவா எழுதுங்கோ."

தெளிவாகத்தான் எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதிய ஆங்கிலத்தில் அதுதான் ஆகத் திறமான பந்தி.

அந்த நாட்களில் அவரிடமும் ஒரு மாற்றம் தெரிந்ததென்று நினைக்கிறேன். ஒருநாள் தேத்தண்ணியைச் சுடச்சுடக் குடித்ததைக் கண்டோம். நிலை வைக்க நாலாவது முறையாக நாள் பார்த்து, ஒரு புதன்கிழமை, காலை ஒன்பதே காலிலிருந்து பத்துக்குள் என்று வந்திருந்தது. லீவுக் கடிதத்தை அவரே எழுதிக் கொண்டுவந்து தந்தார். அதில் கையெழுத்து வைத்தவள் நான்தான். வெளிநாட்டுக்காரரோடு கடைசிச் சந்திப்பு வியாழக்கிழமை என்றுதான் இருந்தது.

புதன் காலை எட்டு மணிக்கு மின்னஞ்சல் வந்தது. சந்திப்பை இன்றைக்கே வைப்போம் என்று. அவர்களுக்கு மத்தியானம், எங்களுக்கு ஒன்பதரை. அந்த நேரம் பார்த்து அவர் படியேறி வந்தார். வேட்டி, வெள்ளைச் சேர்ட், நெற்றியில் திருநீறு. மடிக்கணினியை எங்களிடம் தந்துவிட்டுப் போவதற்காகத்தான் வந்தவர். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தம்பி, மீற்றிங்கை இண்டைக்கு ஒன்பதரைக்கு மாத்திப்போட்டாங்கள். ஒரு அரை மணித்தியாலம் அதிலை இருந்திட்டுப் போங்கோ."

அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏலாது அக்கா" என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய தாய் என்னிடம் கேட்டுக்கொண்டது அந்த ஒரு சொல்லைத்தான். அது என் கண்முன்னால் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. உண்மையைச் சொன்னால், அவர் எனக்கு மறுப்பார் என்று நான் நினைத்ததேயில்லை. கோயில்காரருக்கு மறுக்கட்டும், மருந்துக்கடைக்காரருக்கு மறுக்கட்டும், எனக்கு எப்படி?

"ஊருக்கெல்லாம் ஓம், எனக்கு மட்டும் ஏலாதோ?" என்றேன். வாயை அதோடு நிறுத்தவில்லை. "இந்த ஏழு பேற்றை சோத்திலை மண் விழுந்தாப் பேந்து உங்கடை நிலை மட்டும் நிக்குமோ?"

அந்தப் பந்தியை நான் எழுதி இரண்டு கிழமைகூட ஆகவில்லை.

அவர் வாசலிலேயே நின்றபடி, வீடு கட்டுகிற மேசனுக்குத் தொலைபேசி எடுத்து "கொஞ்சம் பொறுங்கோ, வாறன்" என்றார். பிறகு செருப்பைக் கழற்றினார். என் கையிலிருந்த பைலைப் பார்த்து, பழைய குரலில், பழைய சிரிப்போடு, "வைச்சிட்டுப் போங்கோ" என்றார். வேட்டியோடு போய்த் தன் கதிரையில் இருந்தார்.

சந்திப்பு ஒன்பதே முக்காலுக்குத்தான் தொடங்கியது. அவரிடம் அவர்கள் இரண்டு கேள்வி கேட்டார்கள். இரண்டுக்கும் பதில் என்னுடைய விவரிப்பில் இருந்தது. நானே வாசித்துச் சொல்லியிருக்கலாம். மிச்ச நேரம் அவர்கள் தங்களுடைய மழையைப் பற்றியும் எங்களுடைய வெயிலைப் பற்றியும் கதைத்தார்கள். பத்தரைக்கு அவர் எழும்பி மோட்டார்சைக்கிளை எடுத்தார். போய்ச் சேரும்போது ஐயர் வேறு வீட்டுக்குப் போய்விட்டாராம். தாய் மட்டும் கும்பத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாராம். இதை மேசன் பிறகு யாருக்கோ சொல்லி, யாரோ எனக்குச் சொன்னார்கள். அவர் சொல்லவில்லை.

வேலை ஏற்றுக்கொள்ளப்பட்டது. விவரிப்பு மிகத் தெளிவாக இருந்ததென்று எனக்குத் தனியாக ஒரு கடிதமும் வந்தது. மேல்மாடி தப்பியது. அவருடைய மேசையில் மூடிய கோப்பைகள் திரும்பவும் மூன்றாக நின்றன. அதற்குப் பிறகு அவர் யாருக்கும் ஏலாது என்று சொல்லி நான் கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரர் புதிதாக இரண்டு கமரா வாங்கினார்.

கனடாக்காரர் சொன்னபடி வந்தார்கள். தாயும் மகனும் சுன்னாகச் சந்தைக்குப் பின்னால், ஒழுங்கைக்குள், ஐந்தாவது வாடகை வீட்டுக்குப் போனார்கள். போன மூன்றாம் மாதம் தாய்க்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, முடிந்துவிட்டது. செத்தவீட்டை அந்த வீட்டில் செய்வதற்கும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருந்தது. நல்ல மனிதர், ஓம் என்றாராம். நான் போனபோது முன்னறை மேசையில் புருசனின் படம் சுவரில் சாய்ந்திருந்தது. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்குள் தாயின் படமும் வந்து அதற்குப் பக்கத்தில் சாய்ந்துகொண்டது. சுவரில் ஆணி இல்லை.

வருடத் திவசம் முடியும்வரை நல்ல காரியம் ஒன்றும் தொடங்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நிலையும் இனி ஒரு வருடம் பொறுக்க வேண்டும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, கீரிமலையில். அலுவலகத்திலிருந்து வான் பிடித்துப் போனோம். போகிற வழியில் ஒருவன் "அதுதான் அண்ணையின்ரை காணி" என்று காட்டினான். முழங்கால் உயர அத்திவாரம். அதற்குள் எருக்கலை முளைத்திருந்தது. வேலியோரம் யூரியாப் பைகளால் சுற்றிக் கட்டின நிலை சாய்ந்து நின்றது. வான் நிற்கவில்லை. நான் நிற்கச் சொல்லவுமில்லை.

அவர் இப்போது வேறு ஊரில், வேறு கம்பனியில். அங்கே வேலை செய்கிற ஒருத்தி போன மாதம் ஒரு கலியாண வீட்டில் கண்டு, "உங்கடை அண்ணை தங்கமான மனுசன் அக்கா, என்ன குடுத்தாலும் முகம் சுழிக்கமாட்டார்" என்று சொன்னாள். நிலை வைத்தாரா என்று அவளிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இப்படியான நேரத்திலெல்லாம் எனக்கு அந்த அந்தியேட்டி நாள்தான் ஞாபகம் வரும்.

கிரியை முடிந்து கேணியில் முழுகிவிட்டு அவர் படியேறி வந்தார். மொட்டை அடித்த தலை. ஈர வேட்டி. தோளிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எங்களையெல்லாம் கண்டதும் கைகூப்பினார். சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்றார். பிறகு என்னருகில் வந்து, என் தோள்பையைப் பார்த்தார். ஒரு பைலின் விளிம்பு வெளியே தெரிந்திருக்க வேண்டும்.

"என்னக்கா, வேலை ஏதும் வந்திருக்கோ?"

வந்துதான் இருந்தது. இன்னொரு ட்றைவரையும் அந்தக் கார்டோடு சேர்க்க முடியுமா என்று முதல் நாள் மின்னஞ்சல் வந்திருந்தது. ஏன் அதை அச்சடித்து அங்கே கொண்டுபோனேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

"இப்ப வேண்டாம் தம்பி" என்றேன். ஒரு தடவை சொன்னேன். அதற்குமேல் சொல்லவில்லை.

"பரவாயில்லை அக்கா." ஈரக் கையை வேட்டியில் இரண்டு பக்கமும் துடைத்தார். துடைத்த இடமும் ஈரம்தான். காகிதம் நனைந்துவிடுமே என்று யோசித்து, சுற்றிப் பார்த்து, படிக்கட்டில் காய்ந்த இடமொன்றைக் கண்டுபிடித்துக் காட்டினார்.

"உதிலை வைச்சிட்டுப் போங்கோ."

வைத்துவிட்டு வந்தேன்.